ஜனவரிக்கு ஆள் இல்லை

பன்னிரண்டு மணிக்கு ராகு காலம் தொடங்கியது. ஒன்றரைக்கு முடியும். முடிந்த மறுநிமிடம், சரியாக ஒன்று முப்பத்தொன்றுக்கு, திண்டிவனத்தில் இளவரசியின் ஆறு லட்சம் ரூபாய் மக்காச்சோளத்தில் இறங்கப் போகிறது.

விழுப்புரத்தில், தாண்டவராயன் தானிய மண்டியின் கரும்பலகை முன்னால், கையில் சாக்பீஸோடு நின்றிருந்தாள் கலைப்பிரியா. காலையிலிருந்து மூன்று முறை முகம் கழுவியாயிற்று. 

இளவரசி அவளுடைய அக்கா. கிளியனூரில் அப்பா விட்டுப்போன நிலத்தை விற்றதில் அக்கா பங்குக்கு வந்தது அந்த ஆறு லட்சம். திண்டிவனத்தில் அவள் குடியிருக்கும் தெருவிலேயே ஒரு சின்ன ஓட்டு வீடு விலைக்கு வந்திருந்தது. ஏழரை லட்சம். தீபாவளிக்குள் பணம் வந்தால் உனக்கு, இல்லாவிட்டால் வேறு ஆளுக்கு என்று வீட்டுக்கார லூர்துசெல்வி சொல்லிவிட்டாள். துண்டு விழுவது ஒன்றரை லட்சம். அந்த ஒன்றரையைச் சம்பாதிக்கத்தான் இந்த ஆறு லட்சம் இன்றைக்குச் சோளத்தில் குதிக்கிறது.

குதிக்கச் சொன்னது கலைப்பிரியாவின் நோட்டு.

விஷயம் சுலபம். அறுவடை வரத்து குவிகிற மாதத்தில் சோளம் விலை இறங்கும். வரத்து ஓய்ந்த மாதத்தில் ஏறும். வரப்போகிற மாதத்துச் சோளத்துக்கு இன்றைக்கே விலை பேசுவதுதான் ஒப்பந்தம், கையில் சரக்கு இல்லாமலே விற்கலாம், வாங்கலாம். எனவே அக்டோபர் மாத ஒப்பந்தத்தை விற்றுவிட்டு, ஜனவரி மாத ஒப்பந்தத்தை வாங்கிப் போட வேண்டும். மொத்த மார்க்கெட் மேலே போனாலும் கீழே போனாலும் கவலை கிடையாது. இரண்டு மாதங்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளி அகன்றால் போதும், லாபம். அக்டோபரில் ஒரு காலும் ஜனவரியில் ஒரு காலும் ஊன்றி நிற்கிற வியாபாரம்.

இதை யூட்யூபில் பார்த்துக் கற்றுக்கொண்ட கலைப்பிரியா, தீவனக்கடை வைத்திருக்கும் அக்கா புருஷன் புகழேந்தியிடம் சொன்னாள். புகழேந்திக்குக் கண் பளபளத்தது. இளவரசிதான் குறுக்கே நின்றாள். ஒரு பைசா தொடக் கூடாது, முதலில் நோட்டில் ஆடிக் காட்டு, தேறினால் பார்க்கலாம் என்றாள்.

ஆடிக் காட்டினாள். போன கார்த்திகையில் தொடங்கி பத்து மாதம். காசு போடாமல், தினமும் மாலையில் ஒப்பந்தச் சந்தையான எக்ஸ்சேஞ்ச் வெளியிடும் முடிவு விலையைப் பார்த்து, வாங்கியதாகவும் விற்றதாகவும் தேதி போட்டு எழுதினாள். அடித்தல் திருத்தல் கிடையாது. தோற்ற ஆட்டத்தையும் மறைக்கவில்லை. பதினேழு ஆட்டத்தில் பதினான்கு லாபம். இடைவெளி சராசரியாக எழுபத்தைந்து ரூபாய் அகன்றிருந்தது. ஒரு லாட் நூறு குவிண்டால். இருபது லாட் போட்டால், குவிண்டாலுக்கு எழுபத்தைந்து ரூபாய் வீதம் ஒன்றரை லட்சம். அக்கா அந்த நோட்டை மூன்று நாள் வைத்துப் படித்தாள். நாலாம் நாள் சரி என்றாள். நோட்டை நம்பி அல்ல, தங்கையை நம்பி.

ஒரே ஒரு முறை கலைப்பிரியா சொதப்பியிருந்தாள். சித்திரையில் ஒரு ஆட்டம் நடுவில் நஷ்டம் காட்ட, பயந்துபோய் மூடிவிட்டாள். மறுவாரமே அது லாபமாகக் கொட்டோ கொட்டென்று கொட்டியது. ஆத்திரத்தில் நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதிவைத்தாள்: பயத்தில் எடுத்த முடிவு செல்லாது. அத்தோடு விட்டாளா? நிஜப் பணம் போடுகிற அன்றைக்கு நான் போன் பண்ணி ஏதாவது கதை சொல்லுவேன் மாமா, எடுக்காதீர்கள், அக்காவை விட்டுப் பேசச் சொன்னாலும் கேட்காதீர்கள் என்று புகழேந்தியிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். மாமாவுக்கு அந்த வீராப்பு ரொம்பப் பிடித்துப்போயிற்று. சிவப்பு மைப் பக்கத்தைப் போட்டோ பிடித்துத் தன் வாட்ஸ்அப் முகப்பில் வைத்துக்கொண்டார். தீவனம் வாங்க வந்தவர்கள் எல்லாம் ஏதோ பெரியவர் சொன்னது என்று நினைத்துக்கொண்டார்கள்.

மணி பன்னிரண்டு பத்து. மண்டியில் சீட்டுப் பிரித்தார்கள்.

தாண்டவராயன் மண்டியில் ஏலம் கூவுவது இல்லை. ஒவ்வொரு குவியலுக்கும் வியாபாரிகள் தாங்கள் தரும் விலையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். பிரித்துப் பார்த்து, அதிக விலை எழுதியவருக்குச் சரக்கு. அந்த விலையை கலைப்பிரியா போர்டில் எழுதுவாள். ஏழு வருடமாக அவளுக்கு அதுதான் வேலை.

மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்கு எழுதினாள். எள் எழுதினாள். உளுந்து எழுதினாள். கை தன்பாட்டுக்கு எழுதியது. கண் கடிகாரத்தில் இருந்தது.

கம்புக்குச் சீட்டே விழவில்லை. ஒரே ஒரு குவியல், கெடாரிலிருந்து வீரம்மாள் என்கிற பெண் கொண்டுவந்த எட்டு மூட்டை. நாலைந்து பேர் கையில் அள்ளிப் பார்த்துவிட்டுக் கீழே கொட்டிவிட்டுப் போனார்களே தவிர யாரும் எழுதவில்லை. கலைப்பிரியா அடுத்த வரிக்கு நகர்ந்தாள்.

வீரம்மாள் நகரவில்லை. மடித்துச் சொருகிய சேலையோடு போர்டுக்கு நேர் எதிரே வந்து நின்றாள்.

"இன்னா பொண்ணே, கம்புக்கு ரெண்டாயிரத்து எழுநூத்து நாப்பதுன்னு போட்டுக்கினு இருக்க. யாரும் எடுக்கலன்றாங்க."

"அது போன வெள்ளிக்கெழம வெலைக்கா. இன்னிக்கு யாரும் கேக்கல."

"சரி, அந்த வெலைக்கே குடுத்துட்டுப் போறேன். எழுதிப் போட்டிருக்கியே, அந்த வெலைக்கு வாங்கற ஆளைக் காட்டு."

மண்டியில் நாலு பேர் சிரித்தார்கள். கலைப்பிரியா பொறுமையாக விளக்கினாள். சரக்கு போகாத அன்றைக்குப் பழைய விலையை அப்படியே விட்டுவைப்பது வழக்கம். கட்டம் காலியாக இருந்தால் மண்டி செத்துக் கிடக்கிற மாதிரி தெரியும் என்பது முதலாளியின் எண்ணம். மற்றபடி அந்த விலைக்கு ஒரு அர்த்தமும் கிடையாது.

"அப்ப அது வெலையே இல்ல," என்றாள் வீரம்மாள். "நீ எழுதனது."

சொல்லிவிட்டு அவள் மூட்டையைக் கட்டப் போய்விட்டாள். கலைப்பிரியாவின் கையில் சாக்பீஸ் அப்படியே நின்றது.

ஜனவரி.

போனை எடுத்தாள். மக்காச்சோளம், ஜனவரி ஒப்பந்தம். விலை இரண்டாயிரத்து முந்நூற்று எழுபத்தொன்று. நேற்று மாலை மாமாவுக்குச் சொன்ன அதே விலை. அதற்குக் கீழே, பத்து மாதமாக அவள் கண் படாமல் தாண்டிப்போன ஒரு வரி: இன்று கைமாறிய லாட், பூஜ்யம். கடைசியாகக் கைமாறியது, ஒன்பது நாளைக்கு முன்னால்.

ஒன்பது நாளாக ஜனவரி சோளத்தை ஒருவரும் வாங்கவில்லை, விற்கவில்லை. ஆனாலும் தினமும் மாலையில் ஒரு முடிவு விலை வந்துகொண்டிருந்தது. ஆள் இல்லாத மாதத்துக்கும் எக்ஸ்சேஞ்ச் ஏதோ ஒரு கணக்குப் போட்டு விலை வெளியிடும். அதைத்தான் அவள் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். போர்டில் எழுதிய விலை என்றால் அந்த விலைக்கு ஒருவன் வாங்கியிருப்பான் என்று ஊரே நம்பலாம். போர்டு எழுதுகிறவளே நம்பியிருக்கிறாள்.

மணி பன்னிரண்டு முப்பத்தைந்து.

மாமாவுக்குப் போன் போட்டாள். இரண்டு முறை மணி அடித்துத் துண்டிக்கப்பட்டது. மறுபடி போட்டாள். ஒரே மணியில் துண்டிப்பு. வாட்ஸ்அப்பில் அனுப்பினாள்: மாமா போடாதீங்க. ஜனவரியில ஆள் இல்ல. நோட்டு தப்பு. நீலக் குறி விழுந்தது. படித்துவிட்டார். எழுதுகிறார். காத்திருந்தாள்.

பதில் வந்தது. ஒரு போட்டோ. சிவப்பு மையில் அவளுடைய கையெழுத்து: பயத்தில் எடுத்த முடிவு செல்லாது. கீழே ஒரு கட்டைவிரல்.

அக்காவைக் கூப்பிட்டாள். எடுத்ததுமே இளவரசி சிரித்துவிட்டாள். பன்னிரண்டு மணிக்கே கூப்பிடுவாய் என்று நினைத்தேன், அரை மணி தாமதம் என்றாள். கலைப்பிரியா மூச்சு வாங்கச் சொல்லிப் பார்த்தாள். முடிவு விலை, பூஜ்யம், ஒன்பது நாள், வீரம்மாளின் கம்பு என்று எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. தனக்கே அது பயந்தவளின் உளறலாகக் கேட்டது.

"நீதானடி சொன்ன," என்றாள் அக்கா. "அழுதுக்கினு போன் பண்ணுவேன், இன்னா சொன்னாலும் நம்பாதன்னு. இப்ப நான் எந்த ப்ரியாவ நம்பட்டும்?"

கலைப்பிரியா சாக்பீஸைப் போர்டின் விளிம்பில் வைத்தாள்.

"நான் கெளம்பி வர்றேங்க்கா," என்று மட்டும் சொன்னாள்.

எதிர்முனையில் சிரிப்பு நின்றது. ஏழு வருடத்தில் சீட்டுப் பிரிக்கிற நேரத்தில் கலைப்பிரியா மண்டியை விட்டு வெளியே வந்தது கிடையாது. அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றைக்குக் கூட விலை எழுதிவிட்டுத்தான் வந்தாள்.

தாண்டவராயனிடம் வயிற்றுவலி என்றாள். முகத்தைப் பார்த்தவர் ஒன்றும் கேட்காமல் போ என்று கைகாட்டினார். பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ. சென்னை பஸ் ஒன்று கிளம்பிக்கொண்டிருந்தது. திண்டிவனம் ஊருக்குள் போகாது, பைபாஸில்தான் இறக்கிவிடுவோம் என்றார் கண்டக்டர். எங்கே இறக்கினால் என்ன என்று ஏறிவிட்டாள். மணி பன்னிரண்டு ஐம்பது.

உட்கார இடம் கிடைத்தது. மனம்தான் உட்காரவில்லை. மாமாவுக்கு ஆர்டர் போடும் திண்டிவனம் புரோக்கர் ஆபீஸ் நம்பரைத் தேடிப் பிடித்தாள். சின்ன ஆபீஸ்தான், அலெக்ஸ் என்கிற ஒருவன்தான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஆர்டர் போடுவான். அவனே எடுத்தான். இவள் பெயரைச் சொன்னதும் அவன் குரல் தயங்கியது.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க கால் வந்தா பேசக் கூடாதுன்னு சார் சொல்லி வெச்சிருக்காருங்க."

வைத்துவிட்டான். மறுபடி போட்டால் எடுக்கவில்லை.

விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்றது. முன்னால் பதினைந்து வண்டி. ஒரு லாரிக்காரன் அட்டையில் பணமில்லை என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில் அவள் பையிலிருந்து நோட்டை எடுத்தாள். எக்ஸ்சேஞ்சின் பழைய தினசரி அறிக்கைகள் எல்லாம் போனிலேயே இருந்தன. ஒவ்வொரு ஆட்டத்தின் தேதியையும் எடுத்து, ஜனவரி போன்ற தூர மாத ஒப்பந்தத்தில் அன்று எத்தனை லாட் கைமாறியது என்று பார்த்தாள். மார்கழி ஏழாம் தேதி, பூஜ்யம். தை மூன்று, பூஜ்யம். மாசியில் ஒரு நாள், இரண்டே லாட். பங்குனி, பூஜ்யம். ஒவ்வொன்றையும் பென்சிலால் பக்கத்தில் குறித்துக்கொண்டே வரிசையாக இறங்கினாள். பதினேழு ஆட்டத்தில் பதினைந்தில் எதிரே யாரும் இல்லை. இல்லாத ஒருவனிடம் வாங்கி, இல்லாத ஒருவனுக்கு விற்று, பத்து மாதமாக லாபம் பார்த்திருக்கிறாள். இதைப் பார்த்துத்தான் அக்கா தலையாட்டினாள்.

டோல்கேட் கழிந்து பஸ் பறந்தது. ஒன்று இருபத்தைந்து. ஒன்று இருபத்தெட்டு. கலைப்பிரியா அக்டோபர் திரையையும் ஜனவரி திரையையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். மாமா மறந்திருக்கலாம். கரண்ட் போயிருக்கலாம். மாமா பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு இன்னும் கால்மணி தள்ளிப் போட்டிருக்கலாம்.

கூட்டேரிப்பட்டு. ஒன்று முப்பத்தொன்று.

அக்டோபர் ஒப்பந்தத்தில் இருபது லாட் சடாரென்று கைமாறியது. விலை இரண்டாயிரத்து இருநூற்றுப் பதினாலு.

ஜனவரித் திரைக்குப் போனாள். வாங்குகிறவர்கள் பக்கம் வழக்கமாக ஒன்றும் இருக்காது. இப்போது ஒரே ஒரு வரி இருந்தது. இரண்டாயிரத்து முந்நூற்று எழுபத்தொன்றுக்கு இருபது லாட் தேவை. அந்த வெற்றுத் திரையில் தன்னந்தனியாக நிற்கிறது மாமா என்று அவளுக்குத் தெரிந்தது. விற்கிறவர்கள் பக்கம் காலி.

ஒரு கால் ஊன்றியாயிற்று. இன்னொரு கால் அந்தரத்தில்.

அவள் பயந்ததை விட இது மோசம். ஜனவரி கைக்கு வராதவரை மாமாவிடம் இருப்பது வெறும் அக்டோபர் விற்பனை. இனி அக்டோபர் ஒரு ரூபாய் ஏறினால் இரண்டாயிரம் போகும். ஐம்பது ரூபாய் ஏறினால் ஒரு லட்சம். இடைவெளி என்கிற பாதுகாப்பெல்லாம் நோட்டோடு சரி.

பதினாலு பதினாறாயிற்று. பதினாறு பதினேழாயிற்று.

பைபாஸில் குதிக்காத குறையாக இறங்கி, ஷேர் ஆட்டோவில் தொற்றி, புரோக்கர் ஆபீஸ் மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறினாள். கதவைத் தள்ளினால் முதலில் கண்ணில் பட்டது மாமா அல்ல, அக்கா. வீட்டுப் புடவையோடு, பிளாஸ்டிக் நாற்காலியில், கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நீ மண்டியை விட்டுக் கிளம்பினாய் என்றதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை என்றாள்.

நெற்றியில் விபூதியோடு கம்ப்யூட்டரை முறைத்துக்கொண்டிருந்த புகழேந்தி திரும்பினார்.

"பாத்தியா அலெக்ஸ், வண்டி புடிச்சே வந்துட்டா. நான் சொல்லல?" என்றார். சிரித்தார். ஆனால் சிரிப்பு பாதியிலேயே நின்றுபோயிற்று. "ஒண்ணு போயிடுச்சி ப்ரியா. இன்னொண்ணு வரமாட்டேங்குது. ஒரே பேஜாரா கீது. இப்பதான் எவனோ ஒருத்தன் ரெண்டாயிரத்து நானூத்தம்பதுக்குத் தர்றேன்னு வந்திருக்கான். எடுத்துப் போட்டுட்டா ரெண்டு காலும் ஆயிடும்ல?"

அலெக்ஸின் விரல் விசைப்பலகை மேல் இருந்தது.

"எடுக்காதீங்க மாமா."

"ஏன்?"

"நோட்டுல முந்நூத்து எழுபத்தொண்ணு. அவன் கேக்கறது நானூத்தம்பது. எழுபத்தொம்பது ரூபா அதிகம். தீபாவளிக்குள்ள நமக்கு வரும்னு நெனச்ச மொத்தத்தையும் இப்பவே அவன் கைல குடுத்துட்டு ஆரம்பிக்கப் போறோம்."

புகழேந்தி வியாபாரி. அது அவருக்கு உடனே உறைத்தது. அலெக்ஸின் தோளைத் தொட்டு நிறுத்தினார். ஆனால் அடுத்த நிமிடமே வேறு வழி கண்டுபிடித்துவிட்டார். ஜனவரி போகட்டும், விட்டுத்தள்ளு, அக்டோபரை விற்றதே போதும், வரத்து வந்ததும் விலை எப்படியும் இறங்கத்தானே போகிறது, உன் நோட்டு அதைத்தானே சொல்கிறது என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே திரையில் அக்டோபர் இரண்டாயிரத்து இருநூற்று இருபதைத் தொட்டது.

கலைப்பிரியா நோட்டை மேசை மேல் வைத்தாள். பஸ்ஸில் ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பக்கத்திலும் பென்சிலால் போட்டுவந்த பூஜ்யங்களைக் காட்டினாள். வரிசையாக. பக்கம் பக்கமாக. புகழேந்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். மூன்றாவது பக்கத்தில் நிமிர்ந்தார்.

"பத்து மாசமா நீ எழுதனத நம்பி வந்து உக்காந்திருக்கேன். காசு உள்ள போனப்புறம் பூஜ்யம்ன்ற. இத முன்னாடி பாக்கலியா நீ?"

"பாக்கல மாமா."

"பயந்துட்டு இப்ப காரணம் தேடிக்கினு வந்திருக்க."

அலெக்ஸ் தலையைக் குனிந்துகொண்டான். விலை இருபத்திரண்டு.

இளவரசி எழுந்து வந்தாள். புருஷனைப் பார்க்கவில்லை. தங்கையின் முகவாயைப் பிடித்துத் திருப்பினாள். சின்ன வயதில் பொய் சொன்னாளா என்று பார்க்க அப்படித்தான் திருப்புவாள்.

"ப்ரியா. பயமா, தப்பா? ஒண்ண சொல்லு."

பயம் என்று சொல்லிவிடலாம். பயம் என்றால் நோட்டு பிழைத்துக்கொள்ளும். பத்து மாத உழைப்பு, அடித்தல் திருத்தல் இல்லாத அந்த எண்பது பக்கம், அக்கா மூன்று நாள் வைத்துப் படித்த மரியாதை, எல்லாம் பிழைத்துக்கொள்ளும். ஆனால் மாமா உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டார்.

"தப்புக்கா," என்றாள். "பயமும் இருக்கு. ஆனா இது தப்பு. யாருமே விக்காத வெலைல நான் வாங்கினதா எழுதிக்கினு இருந்திருக்கேன். அந்த லாபத்துல ஒரு ரூபா கூட யாருக்கும் வந்திருக்காது."

இளவரசி முகவாயை விட்டாள்.

"வெளிய வாங்க," என்றாள் புருஷனிடம். "இப்பவே."

புகழேந்தி வாதாடினார். இப்போது வெளியே வந்தால் நஷ்டம் நிச்சயம், இருந்தால் திரும்ப வாய்ப்பு உண்டு என்றார். ஒரு மணி நேரம் கேட்டார். அரை மணி கேட்டார். விலை இருபத்துநாலு ஆனபோது கேட்பதை நிறுத்தினார். அலெக்ஸைப் பார்த்துத் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். இருநூற்று இருபத்தைந்துக்கு இருபது லாட்டும் திரும்பி வந்தது. ஜனவரித் திரையில் தனியாக நின்ற அந்த ஒற்றை வரியும் மறைந்தது.

பதினோரு ரூபாய். இருபத்திரண்டாயிரம். கமிஷன் வரி தனி.

நாற்பது நிமிடத்தில் போனது அது. அக்கா தையல் மிஷின் மிதித்துச் சம்பாதிக்க மூன்று மாதம் ஆகும்.  புகழேந்தி டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போனைக் கூட எடுக்காமல் கீழே இறங்கிப் போனார். கலைப்பிரியா அக்காவிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நீ கிளம்பு, மண்டி மூடுவதற்குள் போ, வேலையையும் விட்டுவிடாதே என்று அக்கா அனுப்பிவிட்டாள். குரலில் கோபமா, களைப்பா, தெரியவில்லை.

திரும்பிப் போகிற பஸ்ஸில் கலைப்பிரியா திரையைப் பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தாள். விக்கிரவாண்டி வரைக்கும் தாங்கினாள். அப்புறம் பார்த்தாள்.

அக்டோபர் இரண்டாயிரத்து இருநூற்றுப் பத்து. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இருநூற்று ஆறு. விழுப்புரம் எல்லையில் இரண்டாயிரத்து நூற்றுத் தொண்ணூற்றொன்பது.

போன் அடித்தது. மாமா.

வெளியே வராமல் இருந்திருந்தால் இந்நேரம் முப்பதாயிரம் லாபம் என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. ரொம்ப நிதானமாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார். உன் நோட்டு சரிதான், உனக்குத்தான் தைரியம் போதவில்லை என்றார். ஜனவரியே வேண்டாம், நாளைக்குக் காலையில் அக்டோபரை மட்டும் முப்பது லாட் விற்கப் போவதாகச் சொன்னார். மீதிப் பணம் கணக்கில்தானே இருக்கிறது.

கலைப்பிரியா குறுக்கிட்டாள். இன்றைக்கு இறங்கியது அதிர்ஷ்டம் மாமா, நாளைக்கு ஏறினால் என்று ஆரம்பித்தாள். அவர் வைத்துவிட்டார். இப்போது அவர் நம்புவது அந்த நோட்டை. அதை எழுதியவளை அல்ல.

அக்காவுக்குப் போட்டாள். ஒரு முறை. இரண்டு முறை. மூன்றாவது முறை எடுத்தாள். பின்னால் தெருவின் இரைச்சல் கேட்டது. நடந்துகொண்டிருக்கிறாள்.

"அக்கா, அவரு நாளைக்கு மறுபடியும் போடப் போறாராம். பணம் கணக்குல இருக்குன்றாரு."

"இல்ல," என்றாள் இளவரசி. "அவரு டீ குடிக்கப் போனாரில்ல, போனு மேசைலதான் இருந்துது. பணத்த பேங்க்குக்குத் திருப்பற பட்டன் எதுன்னு அலெக்ஸக் கேட்டேன். அந்தப் பையன் சொல்ல மாட்டேன்னான். நானே தேடி அமுக்கினேன். ஓடிபி அதே போனுக்குத்தான் வந்துது. பேங்க் கணக்குல என் பேரும் இருக்கில்ல. நாளைக்கு ஏறிடுமாம்."

 இப்போது எங்கே போகிறாய் என்று கேட்டாள் கலைப்பிரியா. லூர்துசெல்வி வீட்டுக்கு என்றாள் அக்கா. இருப்பதை அவள் நாளைக்கே வாங்கிக்கொண்டு மீதிக்குத் தை மாதம் வரை பொறுத்தால் உண்டு. இல்லையென்றால் வீடு கைமீறிவிடும். ஒத்துக்கொள்வாளா என்று தெரியவில்லை. கேட்டுத்தான் பார்க்க வேண்டும்.

"மாமாவுக்குத் தெரிஞ்சா?"

"ராத்திரி தெரியும். பட்டன் அமுக்கினது தெரிஞ்சா ஒரு வாரம் பேச மாட்டாரு. இறங்கற வெலையப் பாத்துக்கினு அக்காளும் தங்கச்சியும் சேந்து பயந்து கெடுத்துட்டாளுங்கன்னு கல்யாணம் காதுகுத்துன்னு எங்க போனாலும் சொல்லுவாரு. உன் தலையத்தான் உருட்டுவாரு."

"நான் பயந்து சொல்லலக்கா. நீயாவது..."

"எனக்குத் தெரியும். அவருக்கு விளங்காது. நீ பென்சில்ல போட்ட பூஜ்யத்த எத்தினி பேர் கிட்ட கொண்டுபோய்க் காட்டப் போற? பயந்தாங்கொள்ளின்னே வெச்சிக்கட்டும், விடு."

இரும்புக் கேட் கிரீச்சிடும் சத்தம் கேட்டது. யாரது என்று உள்ளேயிருந்து ஒரு பெண் குரல்.

"வெக்கறேன் ப்ரியா," என்றாள் அக்கா, குரலைத் தாழ்த்தி. "அந்தம்மா வர்றாங்க."